ஓணானுக்கும் ஆமென்

பிப்ரவரி 18, புதன்

லெந்து, ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம், தொடங்கிவிட்டது. இந்த வருஷம் எங்கள் சபையில் கறி, மீனை விடுவதோடு காரியம் முடியவில்லை. ஐயரம்மா ஒரு திட்டம் கொண்டுவந்திருக்கிறார். (எங்கள் பக்கம் பாஸ்டரை ஐயர் என்போம். அவர் மனைவி ஐயரம்மா.) வீட்டுக்கு ஒருவர், தினமும் காலையில், இயற்கையில் கண்ட அழகான ஒன்றைப் படம் எடுத்து, அதிலிருந்து ஒரு ஆறுதல் வரி எழுதி, சபை வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். திட்டத்தின் பெயர் 'சிருஷ்டியில் ஆறுதல்'. ஈஸ்டர் வரைக்கும்.

எங்கள் ஊர் சாத்தான்குளத்துக்குத் தெற்கே, செம்மணல் மேடான தேரிக்காட்டு ஓரம். இங்கே சிருஷ்டி என்றால் செம்மண், முள் நிறைந்த உடைமரம், பனை, பன்றி. ஆறுதலுக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியவில்லை.

எட்வின் சாருக்குத் தெரிந்திருக்கிறது. ரிட்டயர்டு தலைமையாசிரியர், சபைக் கமிட்டி மெம்பர். முதல் படம் அவருடையதுதான். பனிமலை, ஏரி, ஏரியில் அன்னப்பறவை. சார் பெங்களூரைத் தாண்டிப் போனதில்லை. நேரில் அன்னப்பறவையைக் கண்டால் யார் வீட்டு வாத்து என்று விரட்டுவார். படத்துக்குக் கீழே, 'மலை அசைந்தாலும் நீ அசையாதே' என்று ஒரு வரி. சாருக்கு அது சுலபம். உட்கார்ந்தால் தூக்கிவிட இரண்டு ஆள் வேண்டும்.

என் மனைவி லீதியா சொன்னாள், "நம்ம வீட்டுக்கு நீங்கதான் போடணும். எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. அவளுக்கு..." அங்கேயே நிறுத்திவிட்டு அடுப்புப் பக்கம் போய்விட்டாள்.

அவள் என்றால் பியூலா, எங்கள் மகள். தலைப்பிரசவத்துக்கு வந்தவள். ஜனவரி கடைசியில், மாதம் எல்லாம் நிறைந்த பிறகு, பிள்ளையின் உயிர் வயிற்றுக்குள்ளேயே நின்றுபோனது. பெண்பிள்ளை. அன்றிலிருந்து பியூலா வாய் திறக்கவில்லை. அறைக் கதவு சாத்தியே கிடக்கிறது. தட்டு உள்ளே போகிறது, போனபடி வெளியே வருகிறது. ஓசூரிலிருந்து மாப்பிள்ளை ஆல்வின் கூப்பிட்டால் போனைக் காதில் வைத்திருப்பாள். அவன் பேசி முடித்ததும் கீழே வைப்பாள். இப்படியே போனால் என்ன ஆகும் என்று லீதியா கேட்கிறாள். நான் கடைக்கு நேரமாகிவிட்டது என்கிறேன்.

இந்த டைரி பம்புசெட் ஏஜென்ட் சும்மா கொடுத்தது. மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன் டைரி எழுதி என்ன கண்டான்? பிளஸ் டூவில் தமிழ் மட்டும் பாஸ். பெயர் ஞானதிரவியம். இரண்டுமே கையில் இல்லை.

பிப்ரவரி 19, வியாழன்

பெண்கள் சங்கத்தார் மறுபடியும் ஆறுதல் சொல்ல வந்தார்கள். 'மொட்டு' என்றார் ஒருவர். 'பனித்துளி' என்றார் இன்னொருவர். கூட்டை விட்டுப் பறந்த பட்டாம்பூச்சி என்றார் மூன்றாவது அம்மா. அவர் வீட்டில் பேரன்கள் நாலு பேர், நாலும் புளியமரத்தில் தொங்கும். பிள்ளை என்று மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை. முறுக்கும் காப்பியும் தீர்ந்ததும் ஜெபித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

கதவு திறக்கவில்லை.

பிப்ரவரி 21, சனி

ஐயரம்மா கடைக்கே வந்துவிட்டார். "அண்ணே, எல்லா வீட்டுலயும் போட்டாச்சு. ஒங்க வீடுதான் பாக்கி" என்றார். தேர்தலுக்கு ஓட்டுக் கேட்கிற தோரணை.

எரிச்சலில் கடை வாசலில் நின்றபடியே ஒரு படம் எடுத்தேன். டீக்கடைச் சாக்கடையில் கழுத்து வரைக்கும் முங்கிக் கிடக்கும் எருமை. கீழே எழுதினேன்: 'சாக்கடையிலும் இவளுக்குச் சமாதானம். முகத்தைப் பாருங்கள், ஏதாவது முறுமுறுப்பு உண்டா? நாமோ மின்விசிறி நின்றால் பிரசங்கத்தை விட்டு எழுந்து போகிறோம்.'

கோபித்துக்கொள்வார்கள், இனிமேல் நம்மை விட்டுவிடுவார்கள் என்பது கணக்கு. நடந்தது வேறு. குழு முழுக்க ஆமென். கைகூப்பு. புறா. ஐயரே, 'மனநிறைவைக் குறித்து ஆழமான தியானம்' என்று எழுதினார். எட்வின் சார், 'எளிமையில் மேன்மை' என்றார். எருமை சாணி போட்டிருந்தாலும் ஸ்தோத்திரம் சொல்லியிருப்பார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு செய்தி தனியாக வந்தது. பியூலாவிடமிருந்து. நான் அடுப்படியில் நிற்கிறேன், அவள் சுவருக்கு அந்தப் பக்கம்.

'அப்பா இது நக்கல்தான?'

திரையைத் துடைத்துத் துடைத்துப் படித்தேன். கிரீஸ் கை.

'நக்கல்தான். வெளிய சொல்லிராத' என்று போட்டேன்.

பிப்ரவரி 23, திங்கள்

ஓணான். வேலிக் கம்பில் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. எழுதினேன்: 'எதைச் சொன்னாலும் சரி சரி என்று தலையாட்டும் இந்தச் சாந்த ஜீவன் சபைக் கமிட்டியாருக்கு நல்ல முன்மாதிரி.'

முதல் ஆமென், கமிட்டி மெம்பர் எட்வின் சார்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து: 'அப்பா பாவம் அவரு'.

சாரைச் சொல்கிறாளா, ஓணானைச் சொல்கிறாளா என்று நான் கேட்கவில்லை. தலையாட்டுவதில் எனக்கும் கொஞ்சம் அனுபவம் உண்டு. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

பிப்ரவரி 26, வியாழன்

உடைமரம். 'யாரும் நடவில்லை, யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, வெட்டினால் இரண்டாக முளைக்கிறது. சபைத் தேர்தல் நேரத்தில் நாம் போடும் வழக்குகளைப் போல.' கடைசி வரியை மட்டும் அழித்துவிட்டு அனுப்பினேன். அழித்த வரியைப் பியூலாவுக்குத் தனியாக அனுப்பினேன்.

மதியத் தட்டில் பாதிச் சோறு குறைந்திருந்தது. லீதியா தட்டைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினாள், பரீட்சை மார்க்கைக் காட்டுகிற மாதிரி.

மார்ச் 2, திங்கள்

காலையில் தேரிப் பக்கம் நடக்க ஆரம்பித்திருக்கிறேன். சர்க்கரைக்கு நல்லது என்று டாக்டர் சொன்னார். அவர் சொல்லி ஐந்து வருஷம் ஆகிறது. இருக்கட்டும், எதற்கும் ஒரு நேரம் உண்டு.

இன்றைய படம் சாணி வண்டு. உருட்டிக்கொண்டு போகிற உருண்டை அதைவிடப் பெரிது. ஆமென்கள் வழக்கம்போல. ஐயரம்மா, 'அண்ணனுக்கு ஆவியானவர் கண்களைத் திறந்திருக்கிறார்' என்று எழுதியிருக்கிறார். ஆவியானவருக்கு வேறு வேலை இல்லையா?

மார்ச் 4, புதன்

லீதியா: "ஒரே வீட்டுக்குள்ள அப்பனும் மகளும் போன்லயா பேசுவிய? ஊர்ல கேட்டா சிரிப்பாங்க."

நான்: "சிரிக்கட்டும். இந்த வீட்டுல யாராவது சிரிச்சு நாளாச்சு."

அவள் குழம்புச் சட்டியைத் திறந்தாள். எனக்கு மீன் தலையை வைத்தாள். லெந்து என்பதை இரண்டு பேரும் மறந்துவிட்டோம்.

மார்ச் 11, புதன்

இன்று குழுவுக்குப் படம் அனுப்பவில்லை. தேரி மணலில் குழியானை பார்த்தேன். புனல் மாதிரிக் குழி பறித்து அடியில் ஒளிந்திருக்கும், எறும்பு விழுந்தால் பிடித்துத் தின்னும் பூச்சி. சின்ன வயதில் ஈர்க்குச்சியால் நோண்டியதோடு சரி. இன்றுதான் உட்கார்ந்து பார்த்தேன்.

ஒரு எறும்பு விழுந்தது. ஏறியது. சறுக்கியது. மறுபடி ஏறியது. அடியிலிருந்து மணலை விசிறி விசிறி அடித்தது அந்தப் பிசாசு. எறும்பு சறுக்கியது. பொறுக்க முடியாமல் விரலை விட்டு எறும்பைத் தூக்கி வெளியே விட்டேன். விட்ட பிறகு பார்த்தால் குழியானையும் பாவமாக இருந்தது. காலையிலிருந்து காத்துக் கிடந்திருக்கும். அதற்கும் வயிறு இருக்கிறதே. இந்தக் கடவுள் உத்தியோகம் நமக்குச் சரிப்படாது.

இதற்கு என்ன நக்கல் எழுதுவது என்று தோன்றவில்லை. ஆறுதலும் தோன்றவில்லை. சும்மா திரும்பிவிட்டேன்.

பத்து மணிக்குச் செய்தி: 'இன்னைக்கி படம் எங்க?'

நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்து, 'அந்த எறும்பு என்னாச்சி?'

'போயிட்டு. திரும்பிக்கூடப் பாக்கல. நன்றி கெட்டது.'

'குழியானைக்கு எத்தன காலு?'

எனக்கு எப்படித் தெரியும்? பார்க்கவில்லை.

மார்ச் 12, வியாழன்

காயில் கம்பி பார்க்கிற லென்ஸை எடுத்துக்கொண்டு தேரிக்குப் போனேன். வழியில் பால்காரர் கேட்டார், "என்ன அண்ணாச்சி, புதையலா?" ஆமாம் என்றேன். அதற்கு மேல் சொன்னால் லீதியாவிடம் வந்து விசாரிப்பார்.

கால் ஆறு. கடைசி இரண்டும் உடம்போடு ஒட்டி மடங்கியிருப்பதால் நாலு போலத் தெரிகிறது. முன்னால் நடக்கத் தெரியாது, பின்னால்தான் போகும். தாடை முழு உடம்புக்கும் பொருந்தாமல் பெரிசு. உடம்பெல்லாம் மயிர், மயிரெல்லாம் மண். அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. அப்படியே எழுதினேன்.

'நல்லாருக்கு' என்று பதில் வந்தது.

என்ன நல்லாயிருக்கிறது என்று தெரியவில்லை. தட்டு காலியாக வந்தது.

மார்ச் 16, திங்கள்

இவள் என்னைப் படுத்துகிறாள். மைனாவுக்குக் கண்ணைச் சுற்றி என்ன நிறம்? சாணி வண்டு முன்காலால் தள்ளுகிறதா பின்காலாலா? எருக்கம்பூவுக்கு வாசனை உண்டா? ஐம்பத்து நாலு வயதில் செடி செடியாக மூக்கை நீட்டிக்கொண்டு திரிகிறேன். மஞ்சள். பின்கால், தலைகீழாக நின்றுகொண்டு. கொஞ்சம் உண்டு, ஆனால் நன்றாக இல்லை.

குழுவுக்குப் பழைய நக்கல்களையே சுற்றி விடுகிறேன். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

மார்ச் 20, வெள்ளி

வீட்டு ஜெபக்கூட்டம் எங்கள் முறை. முன் அறையில் பாய் விரித்து இருபது பேர். பியூலா வரவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்கும்.

ஆண்டவர் செய்த நன்மையைப் பற்றி எழுந்து சாட்சி சொல்லும்படி ஐயரம்மா என்னைக் கேட்டார். தொண்டை கட்டியிருக்கிறது என்று தப்பித்தேன். அந்த இடத்தை எட்வின் சார் எடுத்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பி, சத்தமாக ஆரம்பித்தார்:

"மகளே, தோட்டக்காரர் தோட்டத்துக்கு வாராரு. எத்தனையோ பூ இருக்கு. ஆனா அவரு எதைப் பறிக்காரு? இருக்கதுலயே அழகான மொட்டைத்தான் பறிக்காரு. ஏன்னா அது அவருக்கு வேணும்."

"ஆமென்" என்றது பாய்.

எனக்குத் தொண்டை திறந்துகொண்டது. "சார், மொட்டுலயே பறிக்கவன் தோட்டக்காரன் இல்ல. ஆடு."

ஒரு ஆமென்கூட வரவில்லை. சார் கண்ணைத் திறந்தார். ஐயர் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார். எந்தப் பாட்டு என்று யாருக்கும் விளங்கவில்லை, ஆளுக்கொரு ராகத்தில் பாடினார்கள். சுண்டல் அப்படியே மிஞ்சிவிட்டது.

மார்ச் 21, சனி

லீதியா இரண்டு வேளை பேசவில்லை. மூன்றாவது வேளை பேசினாள், அதற்குப் பேசாமலே இருந்திருக்கலாம். "அவரு எவ்வளவு பெரியவரு! ஆறுதல் சொல்ல வந்த மனுசனை ஆடு மாடுன்னு பேசுவாங்களா? அதுவும் ஆண்டவரைப் போயி..."

"நான் ஆண்டவரைச் சொல்லல. சார் சொன்ன தோட்டக்காரனைச் சொன்னேன். ரெண்டு பேரும் ஒரே ஆளுன்னு எனக்குத் தோணல."

"ஒங்களுக்கு என்னதான் தோணும்? பிள்ளைய அடக்கம் பண்ணிட்டு வந்த அன்னைக்கும் மோட்டாரைப் பிரிச்சிப் போட்டு ஒக்காந்திருந்த ஆளு."

அது உண்மைதான். அவசர வேலை, ஒருவரின் தோட்டம் காய்ந்துகொண்டிருந்தது.

அப்போது போனில் ஒற்றை வார்த்தை வந்தது: 'ஆடு'. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. இருமல் என்றாள் லீதியா. இருமலாகவே இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். மருந்து வாங்கவில்லை.

மார்ச் 25, புதன்

தூறல். குழுவில் காலையிலேயே நாற்பது மழைப் படம். முப்பத்தொன்பதில் குடை பிடித்த வெள்ளைக்காரி.

மார்ச் 29, குருத்தோலை ஞாயிறு

பவனி முடிந்து ஓலையோடு வந்தபோது பியூலா கிணற்றடியில் தலை குளித்துவிட்டு நின்றாள். வெயிலில், எல்லாரையும் போல. லீதியா கையிலிருந்த ஓலையை வேலியில் சொருகப் போய், வேலியைத் தாண்டிப் போட்டுவிட்டாள்.

நான் மும்முரமாகச் செருப்பைத் தேடினேன். காலில்தான் கிடந்தது.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

மும்மணி ஆராதனை, பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரைக்கும். ஐயர் குருவி வசனத்துக்கு வந்தார். வழக்கம்போல, "ஒரு குருவியைக்கூட கீழே விழ விடாத தகப்பன் நம் தகப்பன்" என்றார். எனக்குச் சந்தேகம் வந்தது. வீட்டுக்கு வந்து வேதத்தைப் புரட்டினேன். அப்படி எழுதியிருக்கவில்லை. குருவி விழத்தான் செய்கிறது. தகப்பனை மீறி, அவர் அறியாமல் விழுவதில்லை, அவ்வளவுதான். விழாது என்று யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. பாதி வசனத்தை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் பாட்டுப் பாடியிருக்கிறோம்.

முதலில் கோபம்தான் வந்தது. பார்த்துக்கொண்டு சும்மா நின்றதற்கா இவ்வளவு ஸ்தோத்திரம்?

பிறகு யோசித்தேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் துணியில் சுற்றிப் பிள்ளையை என் கையில் தந்தபோது, நானும் சும்மாதான் நின்றேன். பியூலா மயக்கத்தில் கிடந்தாள். ஆல்வின் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான், கடைசி வரை திரும்பவே இல்லை. லீதியா தரையில். நான் மட்டும் துணியை விலக்கிப் பார்த்தேன். பார்த்ததால் ஒன்றும் மாறவில்லை. ஆனால் ஒருவரும் பார்க்காமல் மண்ணுக்குள் போயிருந்தால் அது இன்னும் மோசம் என்று இப்போது தோன்றுகிறது. விழுந்ததை ஒரு ஆளாவது முழுசாகப் பார்த்தான்.

அவருக்கு மாற்ற முடியும், எனக்கு முடியாது என்பார்கள். சரி, அதை அவரோடு நேரில் பேசிக்கொள்கிறேன்.

சபைக் கோயிலில் ஊற்றிய கஞ்சி ஆறிப்போனது. ஆறினாலும் நன்றாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 4, சனி

ஈஸ்டருக்கு முந்தின நாள் அவரவர் வீட்டுக் கல்லறையைச் சுத்தம் செய்வது எங்கள் சபை வழக்கம். மறுநாள் விடியற்காலை ஆராதனை முடிந்து எல்லாரும் அங்கேதான் மெழுகுவத்தி ஏற்றுவோம். அரிவாளையும் சுண்ணாம்பு வாளியையும் டி.வி.எஸ். வண்டியில் கட்டிக்கொண்டிருந்தேன். பியூலா வாசலில் செருப்புப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"அப்பா, நானும் வாரேன்."

வாயால் சொன்னாள். போனில் இல்லை.

"பச்ச ஒடம்புக்காரி, இந்த வெயில்ல அங்கயெல்லாம்..." என்று லீதியா ஆரம்பித்தாள்.

"அம்மா, எம்பிள்ளையை எங்க வச்சிருக்குன்னு எனக்கு மட்டுந்தான் தெரியாது."

லீதியா உள்ளே போய்த் தன் குடையைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஞானஸ்நானம் ஆகாத பிள்ளைகளை எங்கள் சபையில் கிழக்கு மூலையில், சுற்றுச்சுவர் ஓரம் வைப்பார்கள். மணி அடிப்பதில்லை, சிலுவை நடுவதில்லை. இடத்தைக் காட்டினேன். ஒரு முழ நீளத்துக்குச் செம்மண், அதன்மேல் நெருஞ்சி. குனிந்து அரிவாளைப் போட்டேனோ இல்லையோ, தலைக்கு மேல் வீச்சென்று ஒரு சத்தம். ஆள்காட்டிக் குருவி. ஒன்று கத்திக்கொண்டே என் மண்டையைக் குறிவைத்து இறங்குகிறது. இன்னொன்று தரையில் ஓடி ஓடிக் கத்துகிறது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. பக்கத்தில் எங்கேயோ முட்டை கிடக்கிறது. அது கூடு கட்டாது, வெறும் சரளையில் இடும்.

பியூலா பார்த்துவிடக் கூடாதே என்று நான் மறைத்து நிற்பதற்குள் அவள் பார்த்துவிட்டாள். நாலு அடி தள்ளி, கல்லோடு கல்லாக, புள்ளி போட்ட முட்டை ஓடுகள். எல்லாம் உடைந்து, உள்ளே காலி. கீரிப்பிள்ளையோ காக்கையோ. எறும்புகூட வேலையை முடித்துவிட்டுப் போயிருந்தது. காவல் காக்க அங்கே ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த இரண்டும் கத்துகின்றன.

ஆண்டவரே, இன்றைக்கு இவளுக்குக் காட்ட உமக்கு வேறு படமே கிடைக்கவில்லையா என்று மனதுக்குள் கேட்டேன். மரியாதையாகக் கேட்கவில்லை.

பியூலா குடையை மடக்கிவிட்டுச் சுவர் நிழலில் உட்கார்ந்தாள். குருவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஓடியது, நின்றது, கத்தியது.

"அதுக்கிட்ட யாரும் ஆறுதல் சொல்ல வரலப்பா. அது பாட்டுக்குக் கத்துது. நல்லாருக்கு" என்றாள்.

நான் நெருஞ்சியைப் பிடுங்கினேன். கையில் முள்.

"பாப்பா எப்பிடிப்பா இருந்துச்சி?"

நான் உடனே சொன்னேன், "ரோசாப்பூ மாதிரி இருந்தா மக்கா."

சொன்ன வாயை அந்த அரிவாளாலேயே சீவியிருக்கலாம். லெந்து முழுக்க ஊரையே நக்கல் அடித்தவன், என் முறை வந்ததும் பூவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். எட்வின் சாரே அப்படிச் சுருக்கமாகச் சொல்லியிருக்க மாட்டார்.

பியூலா என்னை நேராகப் பார்த்தாள். "குழியானைக்கு எத்தன காலுன்னு லென்ஸ் வச்சிப் பாத்துட்டு வந்து சொன்னிய. எம்பிள்ளைக்கு மட்டும் பூவா?"

அரிவாளைக் கீழே வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எங்கிட்ட ஏம்ப்பா காட்டல?"

"காட்டுனா பால் கட்டிக்கிடும், பிள்ள மனசு ஒடஞ்சிரும்னு எல்லாப் பொம்பளையளும் சொன்னாங்க. நானும் தலைய ஆட்டிட்டேன்."

"ஓணான்" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். வாங்கிக்கொண்டேன்.

பிறகு சொல்ல ஆரம்பித்தேன். "முடி நெறைய இருந்துச்சி. ஈரமா, நெத்தியில படிஞ்சி, எண்ண தேச்சிச் சீவுன மாதிரி. புருவம் இருந்துச்சா இல்லயான்னு தெரியாத அளவுக்கு லேசு. கண்ணு மூடியிருந்துச்சி. கண்ணிம முடி நல்ல நீளம். ஒதடு கருத்துப் போயிருந்துச்சி மக்கா. அதைப் பொய் சொல்லமாட்டேன். கன்னத்துலயும் வெரல் நுனியிலயும் தோலு லேசா உரிஞ்சிருந்துச்சி. நகம் வளந்திருந்துச்சி, வெட்டணும்போல. வலது காது மேல்பக்கம் மடங்கியிருந்துச்சி. நான் எடுத்துவிட்டேன். திரும்ப மடங்கிட்டு."

அவள் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"கால்ல ரெண்டாவது வெரல் பெருவெரலைவிட நீளம்."

"அது ஆல்வினுக்கு" என்றாள்.

"கனமா இருந்தா. தூங்குற பிள்ளையத் தூக்குனா எப்பிடிக் கனக்கும், அந்தக் கனம். பெறகு மூக்கு..."

"மூக்கு?"

"என் மூக்கு. அப்பிடியே. மன்னிச்சிரு மக்கா."

என் மூக்கைத் திரும்பிப் பார்த்தாள். நடுவில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் விரிந்து, பள்ளிக்கூடத்திலிருந்தே கேலி வாங்கிய மூக்கு. சிரித்துவிட்டாள். நன்றாகச் சத்தமாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடியும் முன்பே அழுகையாகிவிட்டது. வாயை மூடவில்லை, முந்தானையைக் கடிக்கவில்லை, தொண்டை கிழிகிற மாதிரி அழுதாள். ஆள்காட்டி இரண்டும் சுவரைத் தாண்டிப் போய்விட்டன. கோயில் வேலையைப் பார்க்கிற தங்கமணி துடைப்பத்தோடு ஓடிவந்தான்.

"அண்ணாச்சி, என்னாச்சி? பாம்பா?"

"பாம்பு இல்லடே. இவ அழுதா. நீ போ."

"அழுதாளா?" என்றான்.  பிறகு துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, தண்ணீர்க் குடத்தை எடுத்துவந்து எங்கள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். இதுவரை வந்த ஆறுதல்களில் அது ஒன்றுதான் குடிக்கிற மாதிரி இருந்தது.

நானும் கொஞ்சம் அழுதேன். எவ்வளவு என்று எழுதவில்லை. சுண்ணாம்பு வாளியில் தண்ணீர் கூடிவிட்டது என்று மட்டும் லீதியாவிடம் சொன்னேன்.

ஏப்ரல் 5, ஈஸ்டர்

விடியற்காலை ஆராதனைக்கு மூன்று பேரும் போனோம். கிழக்கு மூலையில் மெழுகுவத்தி வைத்தோம். எட்வின் சார் தட்டுத் தடுமாறி அந்த மூலை வரைக்கும் நடந்து வந்தார். அவரும் ஒரு மெழுகுவத்தி வைத்தார். அவர் வாய் திறக்காமல் இருந்ததை இன்றுதான் பார்க்கிறேன். திரும்பும்போது நான் கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். கனமான மனிதர்.

கறிக்குழம்பு கொதிக்கும்போது ஆல்வின் போன் செய்தான். நாளை வருகிறானாம். பியூலா போனோடு கிணற்றடிக்குப் போனாள். இன்று அவள் பேசினாள், அவன்தான் கேட்டுக்கொண்டிருந்தான் போல. நான் துளசிக்குத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் நின்றேன். எங்கள் வீட்டில் துளசி கிடையாது, ஏதோ ஒரு செடி.

"நீங்க பாக்கலல்லா, கேளுங்க. முடி நெறைய இருந்துச்சாம். நெத்தியில படிஞ்சி. காலு ஒங்க காலு. ரெண்டாவது வெரலு நீளமாம். காது ஒண்ணு மடங்கி இருந்துச்சாம், எடுத்துவிட்டாலும் மடங்கிக்கிடுமாம். மூக்கு எங்க அப்பா மூக்கு. சிரிக்காதிய. அழாதிய. கேளுங்க. இடது கன்னத்துல சின்னதா ஒரு குழி..."

குழியை நான் சொல்லவில்லை.

இருந்திருக்கலாம். என் கையில் பிள்ளை கிடந்த வாக்கில் வலது பக்கம்தான் வெளிச்சமாக இருந்தது.